தேருக்கு முன்னால் கழுவிய தொட்டி

"அண்ணாச்சி, தொட்டியெல்லாம் பழுப்பாப் படியுது. என்ன மருந்து போட?"

கடையைக் கொடுத்துவிட்டு வீட்டோடு உட்கார்ந்த பிறகும் வாரத்துக்கு ஒரு தடவையாவது இந்தக் கேள்வி என் போனுக்கு வந்துவிடுகிறது. ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் புதிதாக வண்ணமீன் கடை திறந்திருக்கும் நீங்கள்தான் கேட்கிறீர்கள். சாப்பிட்டீர்களா, முட்டுவலி எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை கிடையாது. வாடிக்கையாளர் வீட்டுத் தொட்டியைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் தள்ளிவிட்டுக் காத்திருப்பீர்கள். நானும் ஒரே பதிலைத்தான் அனுப்புகிறேன். "ஒன்றும் போடாதே. சும்மா இரு." அண்ணாச்சிக்கு வயசாகிவிட்டது, சோம்பேறியாகிவிட்டார் என்று உங்களில் இரண்டு பேர் பேசிக்கொண்டதும் என் காதுக்கு வந்தது. வரட்டும். அந்தப் பதிலை நான் எங்கே கற்றுக்கொண்டேன் என்று இன்று சொல்லிவிடுகிறேன். சொல்லாமல் வைத்திருந்தது வெட்கத்தால்தான்.

நாய்க்குப் பேர்போன ராஜபாளையத்தில் மீன் விற்கக் கடை திறந்தவன் நான். முதல் மாதம் வஞ்சிரம் இருக்கிறதா என்று கேட்டு வந்தவர்கள்தான் அதிகம். அப்படித் தொடங்கி, வீடுகளில் தொட்டி வைத்துக் கொடுத்து, மாதம் ஒரு தடவை போய்ப் பராமரித்து, முப்பது வருஷத்துக்கு மேல் ஓட்டிவிட்டேன். பழுப்புப் பாசியைப் பற்றி எனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை. புதுத் தொட்டி வைத்த மூன்று நான்கு வாரத்தில் வரும். கண்ணாடியில், கல்லில், செடியில் எல்லாம் மெல்லிய படலமாகப் படியும். விரலால் தொட்டாலே மாவு போல வந்துவிடும். புதுத் தண்ணீரிலும் புது மணலிலும் இருக்கிற சத்தைத் தின்று வளர்கிறது. அது தீர்ந்து, தொட்டியும் பழகிவிட்டால் தானாகப் போய்விடும். மீனுக்கு அதனால் ஒரு கெடுதலும் இல்லை. பாசியைத் தின்னும் சக்கர் மீன் ஒன்றை வாடிக்கையாளர் தலையில் கட்டிவிடலாம் என்று நீங்கள் நினைப்பீர்கள். விரல் நீளத்தில் போகிற அந்த மகராசன் முழங்கை நீளத்தில் திரும்பி வருவான். தின்ற பாசியைவிடக் கழித்தது அதிகமாக இருக்கும்.

இதெல்லாம் எனக்கு அன்றைக்கும் தெரியும். தெரியாமல் செய்த தப்பு என்றால் இதை எழுதவே வேண்டியதில்லை. தெரிந்தே செய்தேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் தேர் ஓடும் வீதியிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில் அந்த வீடு. சீனிவாசன் என்ற பையன் எங்கள் ஊர் நூற்பாலை ஒன்றில் சூப்பர்வைசராக இருந்தான். ஒரு நாள் ஷிப்ட் முடிந்து நேரே கடைக்கு வந்து நின்றான். "அண்ணாச்சி, மூணடி தொட்டி ஒண்ணு வேணும். கட்டிலுக்கு நேரா வைக்கணும். படுத்தாக்குல பார்த்தா தெரியணும்" என்றான். இப்படி அளவு சொல்லி யாரும் கேட்டதில்லை. விசாரித்ததில் விஷயம் வந்தது. அவன் மனைவி கோதை ஐந்தாம் மாதம் முழுகாமல் இருந்தாள். அந்த ஊரில் கல்லை விட்டெறிந்தால் ஒரு கோதை மேல்தான் விழும், ஆனால் இந்தக் கோதைக்கு ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள் ஐந்தாம் மாதத்திலேயே தவறிப்போயிருந்தன. இந்தத் தடவை டாக்டர் படுக்கையை விட்டு எழக் கூடாது என்று சொல்லிவிட்டார். சோழபுரத்தில் இருக்கும் தாய்வீட்டுக்குப் போகக்கூட அனுமதி இல்லை. "சும்மா மோட்டுவளையைப் பார்த்துக்கிட்டே கெடக்கா அண்ணாச்சி. பார்க்கவே பயமா இருக்கு" என்றான்.

வைகாசிக் கடைசியில் தொட்டியை வைத்தேன். ஐந்து கோல்டுபிஷ். கோதை ஒருக்களித்துப் படுத்தபடி ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பேர் வைக்கப் போகிறாயா தாயி என்று கேட்டேன். எல்லா வீட்டிலும் கேட்பதுதான். "வேண்டாம் அண்ணாச்சி. மொதப் புள்ளைக்குப் பேரு வச்சுத்தான் போச்சு" என்றாள். பேர் வைக்கவில்லையே தவிர அவளுக்கு ஐந்தும் அத்துப்படி. நெற்றியில் வெள்ளை விழுந்தது, வால் நுனி கருத்தது, ஒரு செதில் இல்லாதது என்று போனில் அடையாளம் சொல்லித்தான் விசாரிப்பாள். "நெத்தி வெள்ளை இன்னைக்கு மந்தமா இருக்கு அண்ணாச்சி" என்பாள். நெற்றி வெள்ளை மேல் அவளுக்குத் தனிப் பிரியம் இருந்தது.

ஆனிக் கடைசியில் பழுப்பு வந்தது.

முதலில் பார்த்தது மாமியார். நல்ல மனுஷி. மருமகளைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டவர். ஆனால் பயந்த மனுஷி. அந்த வீட்டில் வளைகாப்புகூட வேண்டாம், கண் பட்டுவிடும் என்று தள்ளி வைத்திருந்தார்கள். மீன் தொட்டி வீட்டுக்கு வருகிற கெடுதலை வாங்கிக்கொள்ளும் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். நம் ஊரில் யார்தான் சொல்லவில்லை? நாமே அதைச் சொல்லித்தானே பாதித் தொட்டியை விற்கிறோம். அதனால் தொட்டி பழுப்பேறியதும் உடனே எனக்குப் போன் போட்டுவிட்டார். நான் போனபோது வாசலிலேயே மறித்துக்கொண்டார்.

"அண்ணாச்சி, பால்கோவா கிண்டுன சட்டியாட்டம் ஓரமெல்லாம் பழுப்புப் பிடிச்சிருக்கு. என்னமோ உள்ள வந்து எறங்குதுன்னு மனசு சொல்லுது."

"ஒண்ணும் எறங்கல மதினி. புதுப் பானையில மொதல்ல மண்வாடை வராதா? அது மாதிரிதான். கொஞ்ச நாள்ல தானா போயிரும்" என்றேன்.

கண்ணாடியை மட்டும் துடைத்துவிட்டு வந்தேன். சரியான வேலை. அதோடு நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நாலு நாளில் மறுபடி படிந்தது. மறுபடி போன். மறுபடி துடைத்தேன். மூன்றாவது தடவை போனபோது மாமியார் அழுதேவிட்டார். ஆடிப்பூரத் தேருக்கு இரண்டு நாள் இருந்தது. சுந்தரபாண்டியத்திலிருந்தும் செட்டியார்பட்டியிலிருந்தும் சொந்தக்காரர்கள் வந்து இறங்கப் போகிறார்கள். "வாரவுக மொதல்ல அவ ரூம்புக்குத்தான் போவாக. தொட்டியைப் பார்த்துட்டு ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுவாக. அவ காதுல விழுந்தா என்ன ஆகும்? நீங்களே சொல்லுங்க." குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். "இப்ப ஏழாம் மாசம் அண்ணாச்சி. இம்புட்டுத் தூரம் இதுக்கு முன்னால வந்ததே இல்ல."

இரண்டு தடவை துடைத்தும் போகாத ஒன்றைப் "போயிரும்" என்று மூன்றாம் தடவை சொல்ல நாக்கு எழவில்லை. வேலை தெரியாதவன் என்று நினைத்துவிடுவார்களோ என்ற கூச்சமும் இருந்தது. அதையும் மறைக்கப் போவதில்லை. "சரி மதினி, இன்னைக்கு முழுசாக் கழுவிருவோம்" என்றேன்.

மீன்களை வாளியில் மாற்றினேன். கல், செடி, பில்டர் பஞ்சு எல்லாவற்றையும் பின்கட்டுக் குழாயடிக்குக் கொண்டுபோனேன். வெள்ளிக்கிழமை விளக்குத் தேய்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். அன்று அதுதான் நடந்தது. மாமியார் தேங்காய் நாரோடு வந்து உட்கார்ந்துவிட்டார். கூழாங்கல்லை ஒவ்வொன்றாகத் தேய்த்தார். புளியைக் கொண்டுவரப் போனவரை நான்தான் தடுத்தேன், அந்த மட்டும் புத்தி இருந்தது. பில்டர் பஞ்சைக் குழாய்க்கு நேராகப் பிடித்து, தண்ணீர் வெள்ளையாக வரும்வரை பிழிந்தேன். அந்தப் பஞ்சில்தான் தொட்டியின் உயிரே குடியிருக்கிறது, மீன் கழிப்பதையெல்லாம் தின்று தண்ணீரைக் காப்பாற்றும் நுண்ணுயிர்கள் அதில்தான் இருக்கின்றன என்று அடுத்தவனுக்குப் பாடம் எடுப்பவன் நான். மதினி பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று இன்னும் இரண்டு பிழி பிழிந்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தொட்டியை மறுபடி நிரப்பக் குழாய்த் தண்ணீர் வாளியைத் தூக்கும்போதே மருந்து வாடை மூக்கில் ஏறியது. தேருக்கு வெளியூர் ஜனம் கூடும். அத்தனை பேருக்கும் நோய்நொடி வராமல் இருக்கக் குழாய்த் தண்ணீரில் குளோரின் கூடப் போடுவார்கள், போட வேண்டியதுதான். எனக்கு அது தெரியும். வருஷா வருஷம் தேர் பார்த்தவன். ஆனால் குளோரினை முறிக்கும் சொட்டு மருந்தை வழக்கமான அளவில்தான் எண்ணிப் போட்டேன். மூக்கு சொன்னதை மூளை கேட்கவில்லை. சீக்கிரம் முடித்து அந்த அம்மாள் முகத்தில் சிரிப்பைப் பார்க்க வேண்டும் என்ற அவசரம்.

பார்த்தேன். தொட்டி புது எவர்சில்வர் குடமாகப் பளபளத்தது. கோதையும் தலையணையில் கையை ஊன்றிச் சிரித்தாள். நான் பெருமையோடு வீடு வந்து சேர்ந்தேன்.

மறுநாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. கோதையே பேசினாள்.

"அண்ணாச்சி, அஞ்சும் மேல வந்து வாயைப் பொளந்துக்கிட்டு நிக்கி. நெத்தி வெள்ளை ஒரு பக்கமாச் சாயுது. ஏன் அண்ணாச்சி?"

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். "வாரேன் தாயி, இந்தா கெளம்பிட்டேன்" என்று சொல்லி வைத்தேன். மதுரையில் மீன் மொத்தமாக அனுப்பும் ஒருவர் எனக்குப் பழக்கம். அவரைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"பஞ்சை எதுல கழுவுன?"

குழாய்த் தண்ணீரில் என்று சொன்னேன். அவர் திட்டவில்லை. "உன் கடைத் தொட்டியில ஓடுற பழைய பஞ்சைப் பிழியாம அப்படியே எடுத்துட்டுப் போ. பழைய தண்ணி எவ்வளவு தூக்க முடியுமோ தூக்கு. சொட்டு மருந்தை ரெட்டிப்பாப் போடு. காத்தை நல்லா விடு. தீனி போடாத. அப்புறம் வேண்டிக்க" என்று வைத்துவிட்டார்.

மொபெட்டின் முன்னால் ஒரு கேன், பின்னால் ஒரு கேன், சட்டைக்குள் ஈரப் பஞ்சு. அப்படித்தான் போய் இறங்கினேன். மீன்கள் எல்லாம் தண்ணீர் மட்டத்தில் நின்று வாயை வாயைத் திறந்தன. செவுள் சிவந்திருந்தது. பாதித் தண்ணீரை மாற்றி, பழைய பஞ்சை மாட்டி, இரண்டாவது ஏர் மோட்டார் ஒன்றையும் போட்டேன். கட்டிலிலிருந்து கோதை என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் முதுகில் அந்தப் பார்வை சுட்டது. மதியத்துக்குள் நான்கு மீன்கள் கொஞ்சம் கீழே இறங்கின. நெற்றி வெள்ளை இறங்கவில்லை.

"தண்ணி புதுசுல்லா, அதான். சரியாயிரும்" என்றேன்.

"நெசமாவா அண்ணாச்சி?"

"நெசமா தாயி."

தேரன்று விடிந்ததும் சீனிவாசன் கூப்பிட்டான். வீட்டுக்கு வெளியே நின்று பேசுகிறான் என்று குரலிலேயே தெரிந்தது. "ஒண்ணு போயிருச்சு அண்ணாச்சி. நெத்தியில வெள்ளை இருக்குல்ல, அது. அம்மா விடியக்காலம் பார்த்து எடுத்துட்டாக. கோதை இன்னும் எந்திரிக்கல. தொட்டியில வேட்டியைப் போட்டு மூடிட்டோம், மீனுக்கு வெளிச்சம் ஆகாதுன்னு சொல்லிக்கிடலாம். நீங்க அதே மாதிரி ஒண்ணு கொண்டாந்திருங்க. அவளுக்குத் தெரியக் கூடாது. டாக்டர் அதிர்ச்சியே கூடாதுன்னு சொல்லியிருக்காக."

நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. நம் தொழிலில் இது பழகிப்போன தந்திரம். செத்த மீனுக்குப் பதில் அதே சாயலில் இன்னொன்று. எத்தனை வீடுகளில் செய்திருப்போம்! கடைத் தொட்டிகளில் கை விட்டுத் தேடினேன். நெற்றியில் வெள்ளை உள்ளது ஒன்று அகப்பட்டது. அதைக் கண்டதும் கையெடுத்துக் கும்பிட்டேன் என்றால் நம்புவீர்களா?

ஊருக்கு வெளியிலேயே வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். மீனைப் பாலித்தீன் பையில் காற்றடைத்துக் கட்டி, மஞ்சப்பைக்குள் வைத்து, இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தேன். வீதி முழுக்கத் தலை. வடம் இழுப்பவர்களின் "கோவிந்தா" சத்தம் எழும்போதெல்லாம் கூட்டம் ஒரு பக்கமாக நெருக்கும். ஒவ்வொரு நெருக்கலிலும் பை வெடிக்கப் போகிறது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டேன். ஒரு போலீஸ்காரர் பையை எட்டிப் பார்த்துவிட்டு, "தேருக்கு எல்லாரும் பூ கொண்டாருவாக, நீரு என்னவே மீனைக் கொண்டுட்டுப் போறீரு?" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். முதுகில் வேர்வை ஓடிக்கொண்டிருந்தது.

வீட்டுக்குள் நுழைந்தபோது கோதையை முன்கூடத்து ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்த்தி வைத்திருந்தார்கள். வீட்டுக் கூரைகளுக்கு மேலே தேரின் உச்சி தெரியும், அதைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வந்து படுக்கலாம் என்று மாமியார் சொல்லியிருக்கிறார். நான் பின்கட்டு வழியாக உள்ளே போனேன். அங்கே ஒரு எவர்சில்வர் டம்ளரில், மேலே தட்டுப் போட்டு மூடி, செத்த மீன் இருந்தது. மாமியார் என்னைப் பார்த்துக் கை கூப்பினார். எதற்கு என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

புது மீனை எடுத்தவுடன் தொட்டியில் விட்டுவிட முடியாது. பையோடு மிதக்கவிட்டு, தண்ணீர்ச் சூடு பழகக் கால் மணி நேரம் பொறுக்க வேண்டும். அந்தக் கால் மணி நேரத்தை நான் மறக்க மாட்டேன். ஊரே தேரைப் பார்த்துக்கொண்டு நின்றது. நான் மட்டும் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வேட்டிக்குள் தலையை விட்டபடி, திருடன் மாதிரி நின்றேன். கோவிந்தா சத்தம் நெருங்கி வந்து, சந்து முனையைக் கடந்து, தள்ளிப் போக ஆரம்பித்தது. நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பையை அவிழ்த்து மீனை விட்டுவிட்டேன். செத்ததை மஞ்சப்பைக்குள் போட்டுக்கொண்டேன்.

கோதை வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். வேட்டியை எடுத்தேன். அவள் தொட்டியைப் பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள்.

"அஞ்சும் இருக்கு" என்றாள்.

"ஆமா தாயி, தப்பிச்சிருச்சு" என்றேன்.

"நெசமாவா?"

"நெசமாத்தான்."

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். சீனிவாசன் என் கையைப் பிடித்து அழுத்தினான். ஜெயித்துவிட்டோம் என்று எங்கள் மூவருக்கும் நினைப்பு.

பத்து நாளில் பழுப்பு மறுபடி வந்தது. முன்னைவிடக் கனமாக வந்தது. வராமல் என்ன செய்யும், பழகிக்கொண்டிருந்த தொட்டியைக் கழுவி மறுபடி புதுத் தொட்டியாக்கி வைத்தவன் நான்தானே. மாமியார் மறுபடி தேங்காய் நாரோடு வந்து நின்றார். இந்தத் தடவை நான் அசையவில்லை.

"மதினி, கோவிச்சுக்கிட்டாலும் சரி. இனிமே நான் கல்லை எடுக்க மாட்டேன், பஞ்சைத் தொட மாட்டேன். முன்கண்ணாடியை மட்டும் தொடைப்பேன். கொஞ்சம் தண்ணி மாத்துவேன், அதுவும் ரெண்டு நாள் பிடிச்சு வச்ச தண்ணி. தீனியைப் பாதியாக் கொறைங்க. அம்புட்டுத்தான்."

"இது மேல மேல ஏறுதே அண்ணாச்சி!"

"ஏறட்டும். எறங்கும்."

சொல்வது சுலபம். ஆவணி முழுவதும் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். திங்கட்கிழமை தோறும் போவேன். கண்ணாடியைத் துடைப்பேன். கல்லிலும் செடியிலும் பழுப்பு அப்படியே இருக்கும். கையைக் கட்டிக்கொண்டு அதன் முன்னால் உட்கார்ந்திருப்பேன். ஏதாவது செய் செய் என்று கை அரிக்கும். தம்பிகளே, நம் தொழிலில் செய்வதற்கு எப்போதும் ஏதாவது இருக்கும். அதைச் செய்தால் நம் பயம் கொஞ்சம் குறையும், வாடிக்கையாளர் பயமும் குறையும். மீனுக்கு அதில் என்ன லாபம் என்று கேட்டுக்கொண்டு கையைக் கட்டிக்கொள்வதுதான் கஷ்டம். வீட்டில் போன் அடித்தால் இன்னொரு மீன் செத்துவிட்டது என்று கேட்கத்தான் ஒவ்வொரு தடவையும் எடுத்தேன். மீனைத் தாண்டிய பயம் ஒன்றும் இருந்தது. அதை நான் வாய்விட்டுச் சொல்லவே இல்லை.

கோதையிடம் ஒரு பழக்கம் வந்திருந்தது. எது சொன்னாலும் "நெசமாவா?" என்பாள். மீன்கள் நன்றாக இருக்கின்றன என்றால் "நெசமாவா அண்ணாச்சி?" ஒரு திங்கட்கிழமை நான் இருக்கும்போதே சீனிவாசன் ஸ்கேன் காகிதத்தோடு வந்து, "புள்ளை நல்ல எடையா இருக்குன்னு டாக்டர் சொன்னாக" என்றான். அவன் முகமெல்லாம் சிரிப்பு. அவள் அவன் முகத்தைக் கூர்ந்து பார்த்து, "நெசமாவா?" என்றாள். "ஏட்டி, நானென்ன பொய்யா சொல்லுதேன்" என்று அவன் செல்லமாகக் கோபித்துக்கொண்டான். படுத்தே கிடக்கும் பெண், எதையும் இரண்டு தரம் கேட்கத்தான் செய்வாள் என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

புரட்டாசி நடுவில் பழுப்பு இளைக்கத் தொடங்கியது. முதலில் செடிகளின் நுனி பச்சையாகத் தெரிந்தது. அப்புறம் கற்கள். நான் துடைக்காமல் விட்ட பின்கண்ணாடிகூட ஒரு திங்கட்கிழமை சுத்தமாக இருந்தது. மாமியார் அதன் முன்னால் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஐப்பசி பிறந்து நாலாம் நாள் கோதைக்குப் பெண் பிறந்தது. சுகப்பிரசவம். சீனிவாசன் போனில் அழுததில் ஒரு வார்த்தையும் விளங்கவில்லை, ஆனால் விஷயம் விளங்கிவிட்டது. நான் கடையிலிருந்த எல்லா மீனுக்கும் அன்று இரண்டு தரம் தீனி போட்டேன். போடக் கூடாதுதான்.

அதற்கப்புறம் எத்தனையோ வீடுகளில் மீன் செத்திருக்கிறது. அதே மாதிரி ஒன்று கொண்டுவந்து விட்டுவிடுங்கள் என்று எத்தனையோ பேர் காதோடு கேட்டிருக்கிறார்கள். பிள்ளைகள் அழும், பெரியவர்கள் கலங்குவார்கள் என்பார்கள். நான் ஒரு தடவையும் ஒத்துக்கொண்டதில்லை. செத்ததை ஒரு கிண்ணத்தில் வைத்துக் காட்டி, என் தப்பென்றால் என் தப்பு என்று சொல்லிவிடுவேன். அதனால் சில வீடுகள் என்னை விட்டுப் போயின. ஏன் இப்படி ஆனேன் என்பது இனிமேல் சொல்லப்போவதில் இருக்கிறது.

பிள்ளை வீட்டுக்கு வந்த பிறகு ஒரு திங்கட்கிழமை போனேன். மாமியார் அடுக்களையில் இருந்தார். சீனிவாசன் மில்லுக்குப் போயிருந்தான். கோதை குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு கட்டிலில் சாய்ந்திருந்தாள். உட்கார்ந்திருக்கும் கோதையை நான் அதற்கு முன் அதிகம் பார்த்ததில்லை. தொட்டி தெளிவாக இருந்தது. ஐந்து மீனும் ஓடிக்கொண்டிருந்தன.

"அண்ணாச்சி" என்றாள். "நெத்தி வெள்ளைக்கு வெள்ளை எந்தப் பக்கம் சரிஞ்சிருந்துச்சு?"

நான் தொட்டியில் அந்த மீனைத் தேடினேன். அவளே சொன்னாள்.

"எடது பக்கம். நீங்க தேரன்னைக்குக் கொண்டாந்ததுக்கு வலது பக்கம்."

"அன்னைக்கே தெரியுமா தாயி?"

"வேட்டியை எடுத்தவுடனே தெரியும்."

"கேட்டிருக்கலாமே."

"கேட்டா மூணு பேரும் பயந்திருப்பிய. அத்தை கையி அப்படி நடுங்குச்சு. எனக்காகத்தானே செய்தீக." குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டே பேசினாள். குரலில் கோபம் இல்லை. "மீன் செத்தது எனக்குப் பெருசில்ல அண்ணாச்சி. நான் ரெண்டு புள்ளையைக் குடுத்தவ. ஆனா அன்னையிலேருந்து, என்கிட்ட கெட்டதை யாரும் சொல்ல மாட்டாகன்னு தெரிஞ்சு போச்சு. டாக்டரம்மா புள்ளை நல்லாருக்குன்னாக. வீட்டுக்காரவுக நல்லாருக்குன்னாக. அத்தை நல்லாருக்குன்னாக. எல்லாரும் உங்களாட்டமே சிரிச்சுக்கிட்டே சொன்னாக. உள்ள எது நடந்தாலும் இப்படி வேட்டியைப் போட்டுத்தான் மூடுவாகன்னு நெனச்சேன். மூணு மாசம். இவ அழுத சத்தம் காதுல விழுதவரைக்கும் நான் யாரையும் நம்பல."

பையிலிருந்து துணியை எடுத்து முன்கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினேன். மேலிருந்து கீழே துடைத்தேன். மறுபடி மேலிருந்து கீழே. கண் மறைத்துக்கொண்டு வந்தது.

குழந்தை சிணுங்கியது. அவள் அதைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே கண்ணாடியைப் பார்த்தாள்.

"அதுல ஒண்ணும் இல்ல அண்ணாச்சி" என்றாள். "விடுங்க."